முயலுக்கு யார் 'நூறு' சொல்வது?

குழந்தை தும்மினால் பாட்டி உடனே, "நூறு" என்பாள். மறுபடி தும்மினால், "இருநூறு." மூன்றாவது தும்மலுக்கு முந்நூறு கிடையாது. மருமகள் பக்கம் திரும்பி, "ஏண்டி, புள்ளைய ஈரத்துல விளையாட விட்டியா? ஃபேனுக்கு நேரா படுக்க வெச்சியா?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

முதல் தும்மலுக்கு ஆசீர்வாதம். மூன்றாவது தும்மலுக்கு விசாரணை. இந்த விசாரணையில் ஒரு விசேஷத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். குற்றவாளி யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மருமகள், ஃபேன், மழை, எதிர்வீட்டில் வறுத்த மிளகாய். குழந்தை மட்டும் கிடையாது. 'இதுக்கு மூக்கு சரியில்ல' என்று எந்தப் பாட்டியும் விசாரணையைத் தொடங்குவதில்லை.

தும்மினால் வாழ்த்துவது ரொம்பப் பழைய பழக்கம். திருவள்ளுவர் காலத்திலேயே இருந்திருக்கிறது. புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில், கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் காதலியைப் பேசவைக்க ஒருவன் வேண்டுமென்றே தும்முகிறான். தும்மினால் வாழ்த்தித்தானே ஆகவேண்டும் என்று கணக்கு. அதே அதிகாரத்தில் இன்னொருத்தி வழக்கப்படி வாழ்த்தியும்விடுகிறாள். அப்புறம், 'யார் நினைத்து உங்களுக்கு இந்தத் தும்மல் வந்தது?' என்று அழ ஆரம்பிக்கிறாள். ஒரு தும்மலை வைத்துக்கொண்டு எவ்வளவு நாடகம்!

விஷயம் இதுதான். ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது செய்தாக வேண்டும். வாழ்த்த வேண்டும், விசாரிக்க வேண்டும், குறைந்தபட்சம் கஷாயமாவது போட வேண்டும். சும்மா இருக்கக்கூடாது.

சரி. முயல் தும்மினால்?

சிரிக்காதீர்கள். கொஞ்ச நேரம் இந்தக் கேள்வியோடு என் கூட வாருங்கள். ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஊர் திருக்கடையூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ஜில்லாவாக இருந்து, 1991ல் நாகப்பட்டினம் மாவட்டமாகி, 2020லிருந்து மயிலாடுதுறை மாவட்டம். ஊர் அங்கேயேதான் இருக்கிறது. மார்க்கண்டேயனின் உயிரை எடுக்க வந்த எமனைச் சிவன் காலால் உதைத்த இடம் என்று புராணம் சொல்லும் ஊர். அதனால் அறுபதுக்கு சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம் என்று வருஷம் முழுக்க அங்கே கல்யாண சீசன்தான். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தலை நரைத்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆயுளைக் கேட்டு வாங்கவே ஜனங்கள் போகிற ஊர்.

அங்கே ஒரு வீட்டில் பையன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான் என்று சந்தையில் ஒரு வெள்ளை முயல் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு கூண்டு. கீழே சொந்த வயலின் வைக்கோல். ஒரு மாசம் எல்லாரும் கொஞ்சினார்கள். அப்புறம் முயல் தும்ம ஆரம்பித்தது. சின்னச் சின்னத் தும்மல். முதலில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. பையன் செல்போனில் வீடியோகூட எடுத்தான். ஒரு வாரம் கழித்தும் நிற்கவில்லை. வீட்டுப் பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"அலர்ஜிதான். இந்த ஜாதி முயலுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும்."

எல்லாருக்கும் நிம்மதி. பெயர் கிடைத்துவிட்டது. பெயர் கிடைத்தால் பாதி வியாதி போன மாதிரி. முயலுக்குப் போனதா என்று கேட்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் போய்விட்டது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பழமொழி. தான் வளர்த்த முயலுக்கு அலர்ஜி என்பது இந்தக் காலத்துப் பழமொழி.

இந்த 'அலர்ஜி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் விசாரிப்போம். இதற்கு வயது அதிகமில்லை. 1906ல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் உருவாக்கியது. ஒரு பொருளை உடம்பு ஒருமுறை சந்தித்தபின், அடுத்த முறை வேறுவிதமாக நடந்துகொள்கிறது. அந்த மாறிய நடத்தைக்குக் கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து அவர் ஒரு பெயர் வைத்தார். அதில் யார் மேலும் பழி இல்லை.

நம் பேச்சுத் தமிழில் அதற்கு இன்னும் அழகான வார்த்தை உண்டு. 'ஒத்துக்கல.' "கத்தரிக்கா எனக்கு ஒத்துக்கல" என்கிறோம். கத்தரிக்காய் என்னோடு ஒத்துப்போகவில்லையாம்! குற்றவாளி கத்தரிக்காய். நான் பாவம், அப்பாவி. நம் விஷயம் என்றால் பழி வெளியே போகிறது. அதே மூச்சில், "முயலுக்கு அலர்ஜி" என்கிறோம். இப்போது குறை முயலின் உடம்பில். கூண்டு, வைக்கோல், வீட்டுப் புகை எல்லாம் அப்பாவிகள்.

உண்மையில் அந்தத் தாழ்வாரத்தில் என்ன நடக்கிறது?

முயல் அநேகமாக மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி. நமக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குவோம். அதற்கு அந்த வசதி இல்லை. ஒரு முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மூக்குக்கு நாம் என்ன கொடுக்கிறோம் பாருங்கள்.

வைக்கோல். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து வருகிற வைக்கோலில் தூசி சாதாரணம். அதுவே மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் அடுக்கியதாக இருந்தால் பூஞ்சை பிடித்திருக்கும். போரிலிருந்து பிடுங்கும்போது வளர்ந்த ஆளே மூக்கைத் துண்டால் மூடிக்கொள்கிறான். முயல் அதன்மேலேயே படுத்துத் தூங்குகிறது.

சிறுநீர். முயலின் மூத்திரம் ஊறிய வைக்கோலை இரண்டு நாள் மாற்றாமல் விட்டால் அமோனியா கிளம்பும். மூக்கின் உள்தோலை அது அரித்துவிடும். அரிபட்ட இடத்தில் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி.

அப்புறம் வீட்டு வாசனைகள். காலையில் ஊதுபத்தி, கற்பூரம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. மத்தியானம் தாளிப்பு. தரைக்கு ஃபினாயில். சாயங்காலம் கொசுவத்திச் சுருள். டெல்டாவில் கொசுவத்தி இல்லாமல் யாராலும் தூங்க முடியாது, நியாயம்தான். ஆனால் அந்தச் சுருளைக் கூண்டுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டுமா?

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் வயல் வரப்பில் துள்ளி ஓடுகிற காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கூண்டில் இருப்பதன் முன்னோர்கள் ஸ்பெயின் பக்கம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்தவர்கள். வியர்க்கத் தெரியாத ஜீவன். காது வழியாகத்தான் உடம்புச் சூட்டை வெளியே விட்டாக வேண்டும். சித்திரை மாச மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே அது என்ன பாடுபடும்? அந்த அவஸ்தையில் உடம்பு தளர்ந்தால், மூக்கில் அதுவரை சும்மா குடியிருந்த கிருமி எழுந்து உட்காரும். பாஸ்டுரெல்லா என்று ஒன்று உண்டு. நிறைய முயல்களின் மூக்கில் சத்தம் போடாமல் வருஷக்கணக்கில் இருந்து, சமயம் பார்த்து வேலையைக் காட்டும்.

இன்னும் பல் இருக்கிறது. முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். மேல்தாடைப் பல்லின் வேர் கோணலாகி மூக்குப் பக்கம் தொந்தரவு கொடுத்தாலும் தும்மல் வரும், கண்ணில் நீர் வடியும். மூக்குக்குள் ஒரு புல் துணுக்கு சிக்கினாலும் தும்மல்தான்.

இத்தனையும் விசாரித்து, ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் ஒன்றும் மிஞ்சாதபோது சொல்ல வேண்டிய வார்த்தை 'அலர்ஜி.' முயல்களுக்கு அலர்ஜியே வராது என்று சொல்லவில்லை. வரலாம். ஆனால் அதை நிரூபிப்பது கஷ்டம். சந்தேகப்படும் பொருளை விலக்கிப் பார்த்து, தும்மல் நிற்கிறதா என்று கவனித்துத்தான் ஓரளவு சொல்ல முடியும். நாமோ கடைசி வரியை முதலில் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறோம்.

இங்கேதான் எனக்கு ஒரு தர்மக் கேள்வி வருகிறது. நம் கூரைக்குக் கீழே, நம்மை நம்பி ஒரு ஜீவன் இருக்கிறது. வாய் பேசாது. நாம் கொடுப்பது அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் யாரைச் சந்தேகப்பட வேண்டும்? அதையா, நம்மையா?

பதில் திருக்கடையூருக்குத் தெற்கே, அதே டெல்டாவில் இருக்கிறது. திருவாரூர். மனுநீதிச் சோழன் கதை உங்களுக்குத் தெரியும். இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் கன்று அடிபட்டுச் செத்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. இந்தக் கதையில் எல்லாரும் ராஜா மகனைத் தேர்க்காலில் இட்ட கட்டத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய கட்டம்தான் பெரிசு. மந்திரிகள் பரிகாரம் சொன்னார்கள். சாஸ்திரப்படி ஒரு பிராயச்சித்தம் செய்து விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். 'கன்று துள்ளிக்கொண்டு வந்து தானே விழுந்தது' என்று சொல்லவும் வழியிருந்தது. ராஜா எதையும் ஏற்கவில்லை. மணி அடித்தது பசு. விசாரணை போய் நின்ற இடம் சொந்த வீடு.

முயலுக்கு மணி கிடையாது. அது நாய் மாதிரி ஊளையிடாது, பூனை மாதிரி காலைச் சுற்றிவந்து கத்தாது. போதாததற்கு, பிற மிருகங்களுக்கு இரையாகவே பிறந்த பிராணி என்பதால், வலியை வெளியே காட்டாமல் மறைப்பதுதான் அதன் சுபாவம். நோஞ்சான் என்று தெரிந்தால் கழுகு முதலில் அதைத்தான் தூக்கும். ஆக, அதனிடம் இருக்கிற ஒரே மணி அந்தத் தும்மல்தான். அதை வீடியோ எடுக்கிறோம்.

என்ன செய்யலாம்? செலவில்லாத ஒரு காரியம் சொல்கிறேன். உங்கள் மூக்கு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. முயலின் மூக்கு நாலு விரற்கடை உயரத்தில். கூண்டுக்கு முன்னால் மண்டி போடுங்கள். முகத்தை அதன் படுக்கை வரைக்கும் கொண்டுபோய் மெதுவாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிகிறதா? நெடி அடிக்கிறதா? நின்றுகொண்டு, "இங்க ஒண்ணும் நாத்தம் இல்லையே" என்று சொன்ன அதே ஆள் எழுந்து போய் வைக்கோலை மாற்றுவார்.

மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும். ஈரமான படுக்கையைத் தினம் எடுப்பது, தூசி உதறிய காய்ந்த புல் போடுவது, கூண்டைச் சமையல் புகைக்கும் கொசுவத்திக்கும் எட்டாத, நிழலும் காற்றும் இருக்கிற இடத்துக்கு நகர்த்துவது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

முன்னங்கால்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். முயலிடம் கைக்குட்டை கிடையாது. மூக்கு ஒழுகினால் முன்னங்காலால்தான் துடைத்துக்கொள்ளும். அங்கே முடி ஈரமாகவோ சடையாகவோ இருந்தால் பல நாளாகத் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூக்கில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சளி, கண்ணில் நீர், மூச்சில் சத்தம், தீனி எடுக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் போக வேண்டும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே முயலின் குடல் நின்றுபோகக்கூடும். பக்கத்து டாக்டர் மாடும் ஆடும் பார்த்துப் பழகியவராக இருந்தால், ஒரத்தநாட்டில் 2012ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, விசாரிக்கலாம். தயவுசெய்து, வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரண மாத்திரை. முயல் வாய்வழியாகச் சாப்பிட்டால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, முயலும் செத்துப்போகலாம். அன்பாகத்தான் கொடுத்திருப்போம். ஆனால் தெரிந்துகொள்ளாமல் காட்டுகிற அன்புக்கும் ஆபத்து உண்டு.

"சார், மனுஷனுக்கே இங்க நாதியில்ல. மேட்டூர்ல தண்ணி இல்ல, நெல்லு நனைஞ்சு கெடக்கு. முயலோட மூக்கைப் பத்தி எழுத வந்துட்டீங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

இரண்டு பதில் வைத்திருக்கிறேன். ஒன்று, அந்த முயல் நம்மைத் தேடி வரவில்லை. காசு கொடுத்து நாம் கொண்டுவந்தோம். வயலில் இருந்தால் காற்று ஒத்துக்கொள்ளாத இடத்தைவிட்டு நாலு தாவலில் போயிருக்கும். கூண்டைப் பூட்டியது நாம். போக வழியில்லாமல் செய்தவனுக்குக் கடமை கூடுதல். இது என் அபிப்பிராயம் மட்டுமில்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960லேயே, ஒரு பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு வேண்டியதைச் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்துக்கு வித்து போட்டது நம்ம ஊர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் தொடக்கம். பரதநாட்டியத்துக்காக மட்டும் அவரை ஞாபகம் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் சங்கடமானது. இந்தப் பழக்கம் முயலோடு நிற்பதில்லை.

திருக்கடையூருக்கே திரும்புவோம். அப்பாவுக்கு எண்பது. பிள்ளைகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் வைத்து வந்து சதாபிஷேகம் செய்கிறார்கள். ஹோமம், கலசாபிஷேகம், ஃபோட்டோ, சாப்பாடு. அப்பாவுக்கு இன்னும் ஆயுசைக் கொடு என்று அபிராமியிடம் கேட்கிறார்கள். எல்லாம் மனசாரத்தான். ஹோமப் புகையில் அப்பா இருமுகிறார். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் இருமுகிறார். அவர் படுக்கிற அறை எது? மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத, பழைய பேப்பர் அடுக்கி வைத்த அறை. ராத்திரியில் இருமல் சத்தம் கேட்டால், "அப்பாவுக்கு டஸ்ட் அலர்ஜி. வயசாச்சில்ல" என்கிறோம்.

டஸ்ட் அப்பாவுடையதா? பேப்பரை அங்கே அடுக்கியது யார்?

விறகடுப்பில் முப்பது வருஷம் ஊதி ஊதி இழுப்பு வந்த அம்மாவுக்கு, "அவங்களுக்கு நெஞ்சு வீக்கு" என்றோம். அரிசி ஆலையில் தவிட்டுத் தூசிக்குள் நிற்கிறவன் இருமினால், "பீடி குடிக்கிறான்" என்கிறோம். பள்ளிக்கூடத்தில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையை, "அவன் சுபாவமே அப்படி" என்கிறோம். 2020ல் பஸ்ஸில் ஒருத்தர் தும்மினால் வண்டியே திரும்பி முறைத்தது. அன்று பயம், புரிந்துகொள்ளலாம். ஆனால் பயம் இல்லாத நாளிலும் நாம் தும்முகிறவரைத்தான் பார்க்கிறோம். அவரைச் சுற்றியிருக்கும் காற்றைப் பார்ப்பதில்லை.

தாங்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், 'தாங்கும் சக்தி உனக்கு இல்லை' என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்லிவிட்டால் நாம் எழுந்திருக்க வேண்டாம். ஜன்னலைத் திறக்க வேண்டாம். எதையும் மாற்ற வேண்டாம். முயலிடம் அதைச் சொல்லிப் பழகியவருக்கு, திருப்பிப் பேச முடியாத மனிதர்களிடம் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. கூண்டுக்கு முன்னால் மண்டி போடக் கற்றுக்கொண்ட ஒரு பையன், நாளைக்கு அப்பாவின் அறைக்குள் போய் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்ப்பான் என்பது என் நம்பிக்கை.

அபிராமி பட்டருக்காக அம்மன் தன் தோட்டை வானத்தில் வீசி, தை அமாவாசையைப் பௌர்ணமியாக்கினாள் என்பது அந்த ஊர்க் கதை. நிலா என்றால் அதில் முயல் உண்டு. அந்தக் கறையைக் காட்டித்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம். நிலாவில் இருக்கிற முயலை அண்ணாந்து பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் இருக்கிற முயலைக் குனிந்து பார்க்கத்தான் பழக வேண்டியிருக்கிறது.

நன்றாக வைத்துக்கொண்டால் முயலுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஆயுள். நூறு சொன்னாலும் அதற்கு எட்டாது. அந்தப் பத்துச் சொச்சம் வருஷத்தையும் அது ஒழுங்காக மூச்சு விட்டுக் கழிக்க, மார்க்கண்டேயனுக்கு நடந்தது போல எமனை யாரும் உதைக்க வேண்டாம். ஈர வைக்கோலை எடுத்து வெளியே போட்டால் போதும்.

அதைச் செய்துவிட்டு, வீட்டுக்குள்ளும் ஒரு சுற்று வாருங்கள். திருப்பிப் பேசாதவர் யார், அவர் எந்த அறையில் படுக்கிறார், அங்கே ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.